ஆல்வினுக்குக் கிடைத்த ரசிகர்

“என்னங்க, அந்த உறுமுற சத்தத்த செத்த நேரம் வாசிங்களேன்” என்றாள் அறிவுச்செல்வி.

ஆல்வினால் நம்ப முடியவில்லை. பேஸ் கிட்டாரின் ஒலியைச் சின்தசைசர் ஒலியாக மாற்றும் அந்தப் பெடலை அவன் வாங்கி வந்த நாளிலிருந்து, “கிரைண்டர்ல கல்லு சிக்குனாப்ல இருக்கு” என்று காதைப் பொத்திக்கொள்ளும் மனைவி அவள்.

உற்சாகமாகப் பெடலைக் காலால் அமுக்கித் தந்தியை மீட்டினான்.

“இம்புட்டு மெதுவா இல்ல. இன்னும் கரகரன்னு வரணும்.”

ஃபில்டர் குமிழைத் திருகினான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

“ஆங், இதுதான்! ஸ்பீக்கர வெளிய பாத்துத் திருப்புங்க. நல்லாக் கேக்கட்டும்.”

ஊருக்கே கேட்கவேண்டுமாம்! ஆல்வின் கண்ணை மூடி உருகி வாசித்தான். கடைசியில் ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள், அதுவும் சொந்த வீட்டிலேயே.

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கைதட்டினாள்.

“ஓடிருச்சுங்க! வெதச்ச கடலையக் கெளறிக்கிட்டிருந்த மயிலு பூராவும் தோட்டத்த விட்டே ஓடிருச்சு!”

ஆல்வினின் முகம் தொங்கிப்போனது.

“இருங்க, ஒண்ணு மட்டும் போகாம தோகைய விரிச்சுக்கிட்டு நிக்குது. இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க, அதுவும் ஓடட்டும்.”

ஆல்வின் குமிழை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“அது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும் செல்வி” என்றவன், அதற்காகவே இன்னொரு தடவை வாசித்தான்.