மலையைப் பிளந்த கரண்டி

“கரண்டியை ஏன் தூக்குனீங்க?”

தலைமை வடிவமைப்பாளரின் குரலில் கோபத்தைக் காட்டிலும் அதிர்ச்சியே மிகுந்திருந்தது. நேர்காணலுக்கு வந்திருந்தவள் கணினித் திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட சோதனை எளிமையானதுதான். அந்த நிறுவனத்தின் சுரங்க விளையாட்டில் ‘பாறைபிளப்பான்’ என்றொரு மந்திரம் உண்டு. அது ஏறிய கருவி ஒரே அடியில் ஒன்பது பாறைகளை உடைக்கும். ஆனால், விளையாடுபவர்கள் தாங்களே உருவாக்கி, மோட் என்ற பெயரில் சேர்த்த புதிய கருவிகள் எதிலும் அம்மந்திரம் ஏற மறுத்தது. ஒரு மணி நேரத்தில் சரிசெய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் இருபது நிமிடத்தில் முடித்திருந்தாள்.

“பழைய பட்டியல்ல ஒவ்வொரு கருவியோட பேரும் தனித்தனியா இருந்துச்சு சார். அதான் புதுசு எதுவும் ஒட்டல. எல்லாத்தையும் ஒரே குழுவா கட்டி, மந்திரத்தைக் குழுவுக்கே குடுத்துட்டேன். இனிமே எந்தச் சுத்தியல் வந்தாலும் குழுவுல சேர்த்தா போதும்.”

“அது பிரமாதம். நான் கேக்கறது கரண்டியை.”

“கடப்பாரை, மண்வெட்டி, கோடரின்னு வரிசையா போகுது, நடுவுல ஒரு சமையல் கரண்டி. யாரோ மறந்துபோய் விட்டுட்டாங்கன்னு எடுத்துட்டேன்.”

பக்கத்திலிருந்த மனிதவள அதிகாரி காபிக் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். அதன்மீது பொன்னிறக் கரண்டியொன்று அச்சிடப்பட்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். சுவரிலும் ஒரு கரண்டிப் படம் சட்டமிட்டுத் தொங்கியது.

“மறந்துபோயா?” வடிவமைப்பாளர் எழுந்தே விட்டார். “மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு மாசம் யோசிச்சு வச்சதுங்க அது! உழைப்புன்னா சுரங்கம் மட்டும்தானா? அடுப்படியில நடக்கறது உழைப்பு இல்லையா? மலையைப் பிளக்கற கரண்டி, அதிகாரத்தைப் பாத்துக் கேக்கற கேள்வி. இதைப் பத்தி மாநாட்டுல நாப்பது நிமிஷம் பேசியிருக்கேன்.”

“கைதட்டல் அடங்கவே நேரமாச்சு,” என்றார் மனிதவள அதிகாரி, பக்தியுடன்.

“ஆனா சார், மத்த கருவிக்கெல்லாம் தேய்மானம் இருக்கு. கரண்டிக்கு மட்டும் எழுதவே இல்ல. அது உடையவே உடையாது. தெரிஞ்சு வச்சவங்க அதை எழுதாம விடுவாங்களா?”

“அதுதாங்க நுட்பமே! அடுப்படிக்கு ஏதுங்க ஓய்வு?”



மனிதவள அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார். “பத்து மாசமா வேலையில இல்ல போல?”

“ஆமா மேடம். அக்கா வீட்டுல இருக்கேன்.”

“கைவேலை சுத்தமா இருக்கும்மா. ஆனா படைச்சவரோட மனசும் புரியணும் இல்லையா?”

வடிவமைப்பாளர் சற்றுத் தணிந்தார். “கரண்டியைத் திருப்பி வையுங்க. நாளைக்கே வந்து சேரலாம்.”

பத்து மாதமாக அத்தான் அவளிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவள் விசைப்பலகைப் பக்கம் திரும்பினாள். ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள்.

“இப்பதான் உங்களுக்குப் புரிஞ்சிருக்கு,” என்று வடிவமைப்பாளர் கை நீட்டினார்.

தெருவுக்கு வந்ததும் அக்காவை அழைத்தாள்.

“என்னடி ஆச்சு?”

“கிடைச்சிருச்சுக்கா.”

“அப்பாடா! இரு, அத்தான்கிட்ட சொல்றேன். ரொம்பக் குடைஞ்சாங்களா?”

“அதெல்லாம் இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு மோட் எழுதி, இணையத்துல எல்லாருக்கும் சும்மா போட்டேனே? அதைத்தான் சுட்டு வச்சிருக்காங்க. மந்திரத்தோட பேரை மாத்திட்டாங்க, கரண்டியை மாத்தல.”

“எந்தக் கரண்டிடி?”

“நீ கையில கரண்டியோட வந்து, ‘சாப்பிட வரியா, இல்ல சட்டியைக் கவுத்துடவா’ன்னு கத்தினியே, அப்ப மந்திரம் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்குப் போட்டுட்டு, எடுக்காமலே எழுந்து ஓடி வந்தேனே, அந்தக் கரண்டி. அன்னைக்கு மறந்துபோய் விட்டது. இன்னைக்குத்தான் முதல் தடவையா யோசிச்சு வச்சேன்.”