ஓடைக்கு வெள்ளையடித்த நாள்

கல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது.

ஓடையின் இரண்டு கரையிலும், மேலே காடு தொடங்குகிற இடம் வரைக்கும், ஒரு கல் விடாமல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடித்தது வழிந்து, தண்ணீர் பால் மாதிரி ஓடியது.

நான் ஆராய்ச்சி செய்கிற தவளை வாழ்வது இந்த ஓடையில்தான்.

கட்டைவிரல் நகம் அளவுதான் என் தவளை. மஸ்கெலியாவுக்கு மேலே இந்த ஒரு ஓடையை விட்டால், வேறெங்கும் அதைக் கண்டவர் இல்லை. கரையோரச் சருகுக்குள் முட்டையிடும். தோலாலேயே தண்ணீர் குடிக்கும். சுண்ணாம்பு பட்டால் வெந்துபோகும்.

யாரோ தெரியாத ஆட்கள் செய்திருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பேன். செய்தது எங்கள் தவளைக் குழு, தவளையைக் காக்க என்னோடு சேர்ந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். வாளியும் மட்டையுமாக எதிர்க்கரையில் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இவர்கள்தான் என்னைக் கிண்டல் செய்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை டீச்சராகும், நர்ஸாகும், இது தவளைக்குப் படிக்கப் போயிருக்கிறது என்றார்கள். பிறகு இவர்களேதான் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரை முன்னால் போய் நின்றார்கள். ஓடைக்கரையில் புல்லுக்கு மருந்து அடித்தால் ஒருத்தியும் கொழுந்து பறிக்கப் போகமாட்டோம் என்று மீனம்மா அத்தை சொன்னார். அன்றைக்கு நின்ற மருந்துதான், மறுபடி அடிக்கவே இல்லை. அதனால்தான் என் தவளை பிழைத்தது. என் படிப்பும் பிழைத்தது.

மருந்து கூடாது என்று சொல்லியிருந்தேன். சவர்க்காரம் கூடாது, சருகை மிதிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். சுண்ணாம்பைப் பற்றிப் பேச்சே வரவில்லை. தினமும் வெற்றிலையோடு போடுகிற சாமானை யார் விஷமென்று நினைப்பார்கள்?

ஐயோ, சருகை அவர்கள் மிதிக்கவும் இல்லை. கல்லுக்குக் கல் தாவித் தாவி, அவ்வளவு பக்குவமாக அடித்திருந்தார்கள். சருகெல்லாம் அப்படியே கிடந்தது, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய ஆட்கள் வந்தால் பாதையோரக் கல்லுக்கு வெள்ளையடிப்பது தோட்டத்து வழக்கம். இன்றைக்கு வெளிநாட்டு ஆய்வாளர்கள் வருவதாக இருந்தது. வரவில்லை என்று நேற்றே அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சொல்லியும் இந்த வேலையா?

பல்லைக் கடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டேன். அவர்கள்தான் வரவில்லையே, யாருக்காக இதை அடித்தீர்கள் என்று.

மீனம்மா அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தார். விரலெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தது.

"அவங்களுக்கு யாரு பாப்பா அடிச்சா? எங்க ஆத்தா காலத்துலருந்து தொரைமாருக்குத்தான் அடிச்சிருக்கோம். நம்ம லயத்துப் புள்ள டாக்டர் பட்டம் வாங்கிட்டு வருது, ஒனக்கு அடிக்காம வேற யாருக்கு அடிப்போம்?"



பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி செவ்வந்தி மாலையை எடுத்துக் கொடுத்தாள். அத்தை என்னைவிடக் குள்ளம். எட்டவில்லை, கொஞ்சம் குனி என்றார்.

குனிந்தேன்.

காலடிக் கல்லில் நகமளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் வெள்ளையாக இருந்தது.