நீலத்துக்குள் ஊதா

கிள்ளான் நாய் மருத்துவமனையின் பின்னறை. மூன்று ஸ்லைடுகள் வீணாகிவிட்டன. மைலோவின் தோலை இன்னொரு முறை வெட்ட விடமாட்டேன் என்கிறார் அதை வளர்க்கும் சின்னையா. கடைசித் துணுக்கை நீலச் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறாள் ஆய்வக உதவியாளர் ஷார்மைன். குமிழைத் திருகத் திருக, வெளிர்நீலப் பரப்பில், இரத்தக் குழாயை ஒட்டி, ஊதா மணிகள் பளிச்சென்று துலங்குகின்றன. நாற்காலி பின்னால் உருள, துள்ளி எழுகிறாள். "அங்கிள், ஓடி வாங்க லா!" சின்னையா ஒற்றைக் கண்ணைப் பதிக்கிறார். "நீலம்தானம்மா ஊத்துன? ஊதாவா இருக்கே, நோயா?" "ஐயோ, இல்ல அங்கிள்! நல்லா இருக்கிற நாய்த் தோல்லயும் இது இருக்கும். மாஸ்ட் செல்னு பேரு. அதுக்குள்ள இருக்கிற மணிங்க நீலச் சாயத்தையே ஊதாவா மாத்திடும். தோலுக்குக் காவல்." மேசைக்கடியில் மைலோவின் வால் தரையைத் தட்டுகிறது. சின்னையா கண்ணை எடுக்காமலேயே சிரிக்கிறார். "ஏண்டா, வீட்டுக்கு நீ காவல்னு நெனச்சா, ஒனக்கே இத்தனை பேரு காவலா!"