எட்டாவது கட்டத்துக்கு ஒரு சான்று

"இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா மேடம்?"

முந்நூறு பக்க அறிக்கையை ஒற்றை விரலால் தள்ளிவிட்டுக் கேட்டார் பனோவ். தலைநகர் சோஃபியாவில், சுகாதார அமைச்சகத்தின் நான்காவது மாடியில் மருத்துவமனைகள் பிரிவுக்கு இயக்குநர் அவர். எதிரே உட்கார்ந்திருந்த ருமியானா, மலைமேல் ஒரு சின்ன ஊரில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள்.

அவளுடைய வார்டை மூடச் சொல்லும் உத்தரவு பனோவின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. மூடிவிட்டால், வலி எடுத்தவள் எண்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்க வேண்டும். பனி விழுந்தால் அந்தப் பாதையும் கிடையாது. தபால்காரர் பெண்டாட்டிக்கு வருகிற ஜனவரியில் இரட்டைக் குழந்தை பிறக்க வேண்டும். அவளை நினைத்துத்தான் ருமியானா பஸ் ஏறினாள்.

மக்கள் கருத்தை முறைப்படி கேட்டாகிவிட்டது என்றார் பனோவ். கேட்டது ஆகஸ்டில், நாடே கருங்கடல் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது. மொத்தமே ஒரு ஆட்சேபணைதான் வந்ததாம். அதுவும் கெடு தாண்டி. மக்களுக்கு முழுத் திருப்தி என்பதற்கு வேறென்ன வேண்டும்?

உத்தரவுப் படிவத்தில் எட்டாவது கட்டம் சான்றை எழுதுவதற்கு. ஆராய்ச்சி சொல்லாமல் ஒரு துரும்பையும் அசைப்பதில்லை என்று அமைச்சகம் சுவர் சுவராக எழுதி வைத்திருக்கிறது. அதனால் முதலில் முடிவை எடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற ஆராய்ச்சியை அப்புறம் தேடிப்பிடித்து எட்டாவது கட்டத்தில் எழுதிவிடுவார்கள். இந்த முறை அகப்பட்டது ஆறு பக்கத்தில் ஒன்று. டென்மார்க்கைப் பற்றியது. அங்கே தேடினாலும் ஒரு மலை கிடைக்காது.

"அதை எடுத்துட்டு இதைப் போடுங்க சார்," என்றாள் ருமியானா. "நம்ம மலையைப் பத்தி நம்ம ஆளு எழுதினது. எந்த வார்டை மூடினப்புறம் எத்தனை தாய் செத்தா, எத்தனை குழந்தை போச்சு, எல்லாம் இதுல இருக்கு."

பனோவ் அறிக்கையைத் திறக்கக்கூட இல்லை. எண்பத்தேழாம் பக்க அட்டவணையில் ஒரு கிராமம் இரண்டு தடவை வந்திருக்கிறது என்றார். மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணீர் அதிகம், புள்ளிவிவரம் குறைவு என்றார். அதுவும் பதினோரு வருடப் பழசு.

"எழுதின பையனுக்கு ஆர்வக்கோளாறு மேடம். கொட்டுற பனியில வீடு வீடாப் போய்க் கதை கேட்டிருக்கான். உலகம் தெரியாத வயசு."

"அவன் எழுதினது பொய்யில்லையே சார்."

"பொய்னு நான் சொன்னேனா? கொள்கைக்கு உதவாதுன்னு சொல்றேன்."

அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டாள் ருமியானா. அவனுக்கென்ன, வீடு, கார், பதவி என்று சௌக்கியமாக இருக்கிறான் என்றார் பனோவ், மேஜை மேல் பேனாவைத் தேடிக்கொண்டே. பிறகு உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதவும் செய்தார்.

ருமியானா எழுந்து கோட்டை மாட்டினாள். கதவருகே போனவளை அழைத்து, மறந்துவிட்டுப் போகிறீர்களே என்று அறிக்கையை நீட்டினார் பனோவ்.

அவள் கை நீட்டவில்லை.

"நீயே வச்சுக்க தம்பி. ரெண்டு குளிர்காலம் என் வீட்டுல தங்கி, நான் போட்ட சோத்தைச் சாப்பிட்டு, நீ இதை எழுதி முடிச்சப்ப எனக்குன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதிதான் அது."