பூங்கா ரேடியோவின் ரசிகர்கள்

“இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்கய்யா.”

பூங்காவின் கடைசி மூலையிலிருந்து எழுந்து வந்து தவசி கேட்டபோது ரேடியோவில் வடமொழிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. குமிழைத் திருகினேன்.

எங்கள் பஞ்சாயத்துப் பூங்காவுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு சறுக்கு மரம், ரெண்டு ஊஞ்சல், அதில் ஒன்றுக்குச் சங்கிலி கிடையாது. அப்புறம் ரேடியோ ரூமும் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும். ஊர் மக்களுக்குப் பொழுதுபோக்கு ஏற்பாடு செய்வது என் கடமை என்று உத்தரவில் எழுதியிருந்தது. அதை நம்பியவன் ஊரில் நான் ஒருவன்தான்.

தலைவர் சௌந்தரபாண்டியன் மிளகாய் வியாபாரி. காக்கா கூட வராத பார்க்குக்கு ரேடியோ எதற்கு, வத்தல் காயப்போட்டால் இடமாவது பயன்படும் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

பூங்காவை மூடினால் எனக்குப் பழைய வேலைதான். திருச்சுழி ரோட்டில் வெயிலில் நின்று, சைக்கிளை மறித்து, வரி கட்டின வில்லை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆறு வருடம் அதைச் செய்தேன். பாதி ஊர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இந்த நிலைமையில்தான் தவசி வந்து சேர்ந்தார். அது எழுபத்து நான்காம் வருடம், மழை பொய்த்து, காட்டில் கருவேலங்கூடக் காய்ந்து கிடந்தது. பக்கத்துப் பட்டியிலிருந்து வெள்ளாமை இல்லாத ஏழு சம்சாரிகள் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஆஜராகிவிடுவார்கள். காலியாகக் கிடந்த சிமெண்டு பெஞ்சுகளை விட்டுவிட்டு, கடைசியில் செம்பருத்தி வேலியை ஒட்டி வரிசையாகத் துண்டை விரித்து உட்காருவார்கள். அதிகாரம் உள்ளவன் முன்னால் பெஞ்சில் உட்காரக் கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன். அதிகாரம் என்றால் என்னுடையதுதான்.

அவர்கள் ரசனை என்னை அசத்தியது. ஒருநாள் வீணைக் கச்சேரி வந்தது. தவசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரெண்டு தடவை எழுந்தார், உட்கார்ந்தார், கடைசியில் ரூமுக்கே வந்துவிட்டார்.

“இது வேணாங்கய்யா. தவில் நாயனம் இருந்தா வைங்க.”

அவசரமாக முள்ளைத் திருப்பி வேறு நிலையத்தில் நாதசுரம் பிடித்துக் கொடுத்தேன். தவில் முழங்கியதும் மனுசன் முகம் தெளிந்தது. ‘விவசாயப் பெருமக்கள் மங்கள இசையைப் பெரிதும் விரும்புகிறார்கள்’ என்று அன்றைக்கே அறிக்கையில் எழுதினேன்.

பெண்களும் வந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. உங்கள் வீட்டுக்காரி தங்கத்தாயையும் கூட்டி வாருங்களேன் என்றேன். “அவளும் கேட்டுக்கிட்டுதாங்கய்யா இருக்கா” என்றார். நம் ஸ்பீக்கர் அவர்கள் பட்டி வரைக்கும் எட்டுகிறதா என்று மலைத்து, அதையும் எழுதிக்கொண்டேன்.

அதிகாரி வருகிறாரே என்று வியாழக்கிழமை காலை பூங்காவைச் சுற்றி வந்தேன். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த செம்பருத்தி வேலியின் வெளிப்பக்கத்தைப் பார்த்து அசந்துபோனேன். நெஞ்சளவுக்குச் சுவர் மாதிரி ஒட்ட வெட்டி, மேலே மட்டும் தாழ்வாரம் இறக்கின மாதிரி தழையை விட்டிருந்தது. பெங்களூரில் இப்படி வெட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தோட்டக்காரர் கோட்டைச்சாமியைக் கூப்பிட்டு, இந்த வேலையை எங்கே கற்றுக்கொண்டாய் என்று தட்டிக்கொடுத்தேன்.

“தானா வந்துச்சுங்கய்யா” என்று அவர் தலையைச் சொறிந்தார். தன்னடக்கம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே தலைவர், வத்தல் காயப்போட இடத்தைக் கண்ணால் அளந்துகொண்டே வந்தார். அன்றைக்குத் தவசி கூட்டத்தில் ஏழு பேருக்குப் பதில் பதினைந்து பேர். நான் ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்திருந்தேன். வேப்பமரத்தில் இருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டது.

அதிகாரி வேலிப் பக்கம் போய், காதுக்கருகே குனிந்து, ரேடியோ உங்களுக்கு உபயோகமா இருக்கிறதா என்று தவசியிடம் கத்திக் கேட்டார்.

தவசி கும்பிட்டார். “இது மட்டும் இல்லாட்டி இந்தப் பஞ்சத்துல எங்க பொழப்பே போயிருக்கும் சாமி” என்றவர் கண் கலங்கிவிட்டது. பின்னால் இருந்த பதினாலு பேரும் தலையாட்டினார்கள்.

எனக்கும் கண் கலங்கியது. தலைவர் இடத்தை அளப்பதை நிறுத்திவிட்டார். என் இருபது வருட உத்தியோகத்தில் யாரும் என்னால் பிழைத்ததாகச் சொன்னதில்லை.

“அப்புறமென்ன, பார்க்கு இருக்கட்டும்” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதுவதற்கு வாகாக நான் குனிந்து முதுகைக் காட்டினேன். அவர் நோட்டை என் முதுகில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

ஸ்பீக்கர் சட்டென்று அடங்கிவிட்டது. அப்படி ஒரு அமைதியை அந்தப் பூங்காவில் நான் கேட்டதே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ‘சரக் சரக்’ என்று ஏதோ சத்தம். கோட்டைச்சாமி தரையைப் பார்த்தார்.

தவசி பதறிப்போய் வேலிப் பக்கம் திரும்பினார். ஸ்பீக்கரோடு போட்டி போட்டே பழகிய தொண்டை அவருக்கு.

“ஏ தங்கத்தாயி, ரேடியோ நின்னுபோச்சு, ஆட்டைப் பத்திக்கிட்டு ஓடு.”