முட்டி வலி

"எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர். பார்க்கறதா இருந்தா இவ முட்டியைப் பாருங்க."

நீச்சல் மாஸ்டர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

கதவருகே நின்ற மனைவி முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"நீங்க வெளியில உட்காருங்கம்மா" என்றார் டாக்டரம்மா. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

"பார்த்தீங்களா? தினம் சாயங்காலம் வாக்கிங் போறோம். நாலு லைட் கம்பம் தாண்டறதுக்குள்ள, 'ஏங்க, முட்டி'ன்னு பெஞ்சைத் தேடுவா. எப்படி இருந்தவன், இவளால ஆமையாயிட்டேன்!"

டாக்டரம்மா சிரித்தார். "உங்க இதயச் சதை தடிச்சிருக்கு. அது போன வார ஸ்கேன் படத்துலயே தெரிஞ்சுது. உடம்பு உழைக்கும்போது அது எவ்வளவு தாங்குதுன்னு இன்னைக்குப் பார்க்கணும். மிதிங்க."

விளக்குகள் மங்கின. சாய்ந்து படுத்தபடியே மிதிக்கிற சைக்கிள். மார்பில் ஜில்லென்று பசை, அதன்மேல் டாக்டரம்மாவின் கையிலிருந்த சின்னக் கருவி.

திரையில் அவருடைய இதயம் வந்தது.

சாம்பல் நிறத் தண்ணீருக்குள் ஏதோ ஒரு பிராணி வாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல் இருந்தது. நடுவே சிவப்பும் நீலமும் கலங்கி ஓடின. மாஸ்டர் மிதிக்க மிதிக்க அறை கரைந்துபோனது. குளத்தின் அடியில் மல்லாந்து கிடந்தார். மேலே வெளிச்சம் ஆடி அசைந்தது. சத்தமே இல்லை. உடம்புக்கு எடையே இல்லை. இப்படியே போய்க்கொண்டே...

"மாஸ்டர்! போதும், நிறுத்துங்க!"

திடுக்கிட்டு மேலே வந்தார். மூச்சு இரைத்தது. நெஞ்சைப் பிசைந்தது.

"அரை மணி நேரம் மிதிச்சிருப்பேனா?"

"நாலு நிமிஷம்." டாக்டரம்மா திரையைக் காட்டினார். "சும்மா இருக்கும்போது சமாளிச்சுடுது. வேகம் கூடினா, தடிச்ச சதை ரத்தம் வெளியே போற வழியை மறிக்குது. இத்தனை நாள் நடுத்தெருவுல மயங்கி விழாம எப்படித்தான் நடந்தீங்க?"

"அவ எங்க நடக்க விட்டா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அவங்க எப்பெப்ப உட்காருவாங்க?"

"நான் பாட்டுக்கு ஏதாவது பேசிட்டே வருவேன். மூச்சு வாங்க ஒரு நொடி பேச்சை நிறுத்தினாப் போதும், உடனே அவளுக்கு..."

மாஸ்டரின் பேச்சு பாதியிலேயே நின்றது.

டாக்டரம்மா பசையைத் துடைக்கக் காகிதம் நீட்டினார். "மாத்திரை எழுதித் தரேன். நடக்கறதை மட்டும் இப்ப நடக்கற மாதிரியே நடங்க."

வெளியே நாற்காலி காலியாக இருந்தது.

"என் சம்சாரம் எங்க?" என்று நர்ஸைக் கேட்டார்.

"உங்க பழைய ஃபைல் கீழ ஆபீஸ்ல இருக்குன்னேன். லிஃப்ட் வேற ரிப்பேர், மூணு மாடி. ஆள் அனுப்பறேன்னு சொல்றதுக்குள்ள பறந்துட்டாங்க."

மாஸ்டர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்துகொண்டிருந்தாள் அவள்.

சட்டென்று பின்வாங்கி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண் கரித்தது.

கடைசிப் படியில் காலடிச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"முடிஞ்சுதாங்க? என்ன சொன்னாங்க?"

மாஸ்டர் நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காரு முதல்ல. உன் முட்டிக்காக, இனிமே நாம மெதுவாத்தான் நடக்கணுமாம்."