நனையாத பொறி

போன மழைக்காலத்தில், படகின் இன்ஜின் நனைந்து நடுக்கடலில் நின்றுபோன இரவில்தான் மெற்றில்டாவின் புருசன் செத்தான். கூடப் போயிருந்த அவன் அண்ணன் கஸ்பார் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தான்.

செல்போன் பழுது பார்க்கிறவள் மெற்றில்டா. இன்ஜினின் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்டைத் தானே செய்து, டப்பாவில் வைத்து, சொட்டு நீர் புகாதபடி ரெசின் ஊற்றி மூடினாள்.

"பொட்டச்சி செஞ்ச டப்பாவ நம்பி எவன் கடலுக்குப் போவான்?" என்றான் கஸ்பார்.

"நம்ப வேண்டாம் அத்தான். தண்ணிய ஊத்திப் பாருங்க."

கரையில், அந்த டப்பாவைப் பொருத்தி, அடிப்பகுதி மட்டும் தண்ணீர் டிரம்முக்குள் இருக்கும்படி இறக்கி வைத்திருந்த படகு இன்ஜின் ஓடியது. கஸ்பார் வாளி வாளியாகக் கடல்நீரை மொண்டு அதன் தலையில் கொட்டினான். அது ஒருமுறைகூட விக்கவில்லை. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. வாளியை வீசிவிட்டு, ஈரக்கையோடு பிளக் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான்.

தொட்டால் ஷாக் தூக்கி அடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இன்ஜினை நிறுத்தும் பொத்தான் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மெற்றில்டா கையை நீட்டவில்லை.

கஸ்பார் அலறிக்கொண்டு மணலில் மல்லாந்து விழுந்தான். மரத்துப்போன கையை மார்போடு அணைத்தபடி, "நிறுத்துடி அத!" என்று கத்தினான்.

அவள் அவன் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அன்னைக்கு ஒங்க தம்பி எத்தன தடவ ஒங்களக் கூப்பிட்டாரு அத்தான்?"

சிரித்தவர்கள் கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்பார் கடலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.